ஒரே மெயிலில் நாற்பத்தொரு பேர்

வெப்சைட் செய்து கொடுக்கிற தொழிலுக்கு நான் வந்து இருபது வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஒரு கம்பெனிக்காரர் எதிரே உட்கார்ந்து, "கான்டாக்ட் ஃபார்ம் ஒண்ணு வெச்சுடுங்க மேடம், பேர், மெயில், போன், எல்லாத்துக்கும் பக்கத்துல ஸ்டார் போட்டுடுங்க" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்கு அர்த்தம், இதை நிரப்பாமல் உன்னை உள்ளே விடமாட்டேன் என்பது. எல்லாவற்றுக்கும் எதற்கய்யா ஸ்டார், உங்களைத் தேடி வருகிறவனிடம் எதெல்லாம் இல்லாமல் இருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா என்று கேட்டுவிடுவேன். இந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு என்பது போல் பார்ப்பார்கள். ராமப்பண்ணாவைத் தெரிந்திருந்தால் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

ராமப்பன், ஓசூர் சிப்காட்டில் மூக்கண்டப்பள்ளி பக்கம் ஒரு கம்பெனியின் கேட் செக்யூரிட்டி. வண்டிகளுக்கு உள்ளே ஓடுகிற ஒயர்களை அளந்து வெட்டி, கொத்துக் கொத்தாகக் கட்டி அனுப்பும் கம்பெனி அது. அவருக்குச் சொந்த ஊர் தொரப்பள்ளி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். அஸ்திவாரம் தோண்டிய நாளில் மணலுக்கும் கம்பிக்கும் காவலாக வந்தவர். கட்டிடம் எழும்பியது, காம்பவுண்டு வந்தது, இரும்புக் கேட் வந்தது. காவல் காக்க வந்த மனுஷன் கேட்டோடு நின்றுவிட்டார். நான் பார்த்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். காக்கிச் சட்டையின் இரண்டு பைகளிலும் துண்டுச் சீட்டுகள் பிதுங்கிக்கொண்டிருக்கும்.

ஆளைப் பார்த்ததுமே எந்தப் பாஷையில் பேசவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தளி பக்கத்து ஆள் என்றால் கன்னடம், பாகலூர் என்றால் தெலுங்கு, மதுரை திருச்சிப் பையன்கள் என்றால் தமிழ். எந்தப் பாஷையானாலும் முதல் கேள்வி, "பஸ்ல எடம் கெடைச்சுதா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும்போதே வந்தவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

நான் முதன்முதலில் அந்தக் கேட்டுக்குப் போனது 2005இல். என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் சுகுணா, ஊர் ஊத்தங்கரை பக்கம் கல்லாவி. பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய் வந்து வெப் டிசைனிங் படித்து, பாகலூர் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஓசூர் முழுக்கப் பட்டறைகள். எல்லோருக்கும் விசிட்டிங் கார்டில் வெப்சைட் பெயர் போட ஆசை வந்திருந்த காலம். வயது இருபத்தாறு. வாய் நீளம். எனக்குத் தெரிந்ததை விட நாலு மடங்கு தெரிந்தமாதிரி பேசுவேன்.

அன்றைக்கு ராமப்பண்ணா என்னிடம் ரிஜிஸ்தரை நீட்டினார். பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, வண்டி நம்பர், உள்ளே வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. வண்டி நம்பர் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன்.

"இது காலியா கீதே மேடம்."

"நான் பஸ்ல வந்தேன். பஸ் நம்பரையா எழுதணும்?"

"பஸ்ஸுன்னு எழுதுங்க. காலியா வுடக்கூடாது. காலியா வுட்டா நாளைக்கு யாராச்சும் அதுல எதையாச்சும் எழுதிக்குவாங்க."

உள்ளே மீட்டிங்குக்கு நேரமாகிறது, இவர் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று எரிச்சலோடு கிறுக்கிவிட்டுப் போனேன். திரும்பி வரும்போதுதான் கவனித்தேன். அதே ரிஜிஸ்தரைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேலை கேட்டு வருகிறவர்களின் பெயர்கள். பெயர், ஊர், படிப்பு, போன். போன் என்ற இடத்தில் முக்கால்வாசிக்கும் பி.பி. என்று இருந்தது.

இப்போதைய பிள்ளைகளுக்கு பி.பி. என்றால் ரத்தக் கொதிப்புதான். அப்போது தெருவில் எந்த வீட்டில், எந்தக் கடையில் போன் இருக்கிறதோ அந்த நம்பரைத் தன் நம்பராகக் கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று போடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படி அச்சடித்திருக்கும். கூப்பிட்டால் அந்த வீட்டு அம்மா போனை எடுத்து, லைனில் இருங்க என்று சொல்லிவிட்டு, நாலு வீடு தள்ளிப் போய்க் கூப்பிட்டு வருவார். நாம் காதில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக் குக்கர் சத்தத்தையும் கோழி சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்போம். அந்தப் பொறுமை இப்போது எங்கே போனதோ தெரியவில்லை.

உள்ளே ஆள் தேவைப்பட்டால் சூப்பர்வைசர் கேட்டுக்கு வந்து, நாலு பேர் வேணும் ராமப்பா என்பார். இவர் ரிஜிஸ்தரைத் திருப்பி, வரிசைப்படி பி.பி. நம்பர்களுக்குப் போன் போடுவார். யார் முதலில் வந்து எழுதினார்களோ அவர்களுக்கு முதல் போன். பதினேழு வருடமாக இது நடந்திருக்கிறது. வேலை கேட்டு வந்தவர்களிடம் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: "உன் பேரு உள்ள போயிடுச்சு, கவலைப்படாத போ." அதை நம்பி ஊருக்குப் போய் மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது என் ஃபார்ம்தான்.

கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி அஸ்வின். திருச்சிக்காரர், என் வயதுதான் இருக்கும். கெட்டவர் இல்லை. ஆளாளுக்குத் தெரிந்தவர்களை உள்ளே விடுகிறார்கள், இனி எல்லாம் ஒழுங்காக, ஒரே லிஸ்டாக வரவேண்டும் என்று நினைத்தார். வெப்சைட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு ஃபார்ம் கேட்டார். செய்தேன். மெயிலுக்கு ஸ்டார் போடச் சொன்னார். போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு குறை சொன்னார். டிப்ளமோ படித்த பையன்கள் ஒரே பட்டனை மூன்று முறை அழுத்தி, ஒரே ஆள் மூன்று முறை லிஸ்டில் வருகிறானாம். அதற்கும் ஒரு வரி சேர்த்தேன். ஒரே மெயில் முகவரியிலிருந்து மறுபடி விண்ணப்பம் வந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள். ஒரு வரிதான். அதை எழுதிவிட்டு நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கேட்டில் போர்டு மாட்டினார்கள். வேலை கேட்டு வருபவர்கள் வெப்சைட்டில் மட்டும் விண்ணப்பிக்கவும். ராமப்பண்ணாவிடம், இனி பின்பக்கம் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

2006 மார்ச்சில் ஒரு சாயங்காலம் அவர் என் கடை மாடிப்படி ஏறி வந்தார். டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தார்.

"மேடம், மெயில் இல்லாதவங்க எப்படி உள்ள வர்றது?"

"பிரவுசிங் சென்டர்ல போய் ஒரு மெயில் ஓப்பன் பண்ணிக்கச் சொல்லுங்க."

"ஜவளகிரில எங்க மேடம் பிரவுசிங் சென்டர்? அங்க ஆனை வரும், கரண்டு வராது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அவர் எதிரிலேயே அஸ்வினுக்குப் போன் செய்து, ஸ்டாரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "மெயில் இல்லாம கால் லெட்டர் எப்படி மேடம் அனுப்புறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. போனை வைத்துவிட்டு, மண்டைக்குள் ஒரு பல்ப் எரிந்ததாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "அண்ணா, உங்க பேர்ல ஒரு மெயில் ஓப்பன் பண்றேன். எல்லாருக்கும் அதையே போட்டுக்கலாம். லெட்டர் வந்தா நான் சொல்றேன், நீங்க போன் பண்ணிக் கூப்பிடுங்க."

பத்து நிமிடத்தில் மெயில் தயார். முதல் சீட்டைத் தட்டினேன். போன் கட்டம் மறுத்தது. எண்கள் மட்டும்தான் ஏற்பேன் என்று நானே எழுதி வைத்திருந்தேன். இவர் சீட்டில் நம்பரோடு பி.பி. என்றும் கடைப் பெயரும் இருந்தன. புரோகிராமில் அந்த வரியை அழித்துவிட்டு, ஃபார்மை மறுபடி ஏற்றினேன். இப்போது வாங்கிக்கொண்டது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "இவ்ளோதானா? ஒரு வரி அழிச்சா கேட்டு தெறந்துக்குமா?"

"எங்க கேட் அப்படித்தாண்ணா" என்றேன் பெருமையாக.

திரையில், நன்றி, உங்கள் விவரம் கிடைத்தது என்று வந்தது. அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். சீட்டில் ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

அந்த முதல் சீட்டு செல்லியுடையது. ஜவளகிரிக்காரி, பத்தாவது பாஸ். கட்டட வேலைக்கு என்று பெங்களூர் போன புருஷன் திரும்பி வரவில்லை. நாலு வயதுப் பெண் குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். இரண்டு வருடத்தில் நாலு முறை கேட்டுக்கு வந்திருக்கிறாள். கம்பெனியில் பெண்களுக்கென்று ஒரு புது லைன் வரப்போகிறது, முப்பது பேர் எடுப்பார்கள் என்று ராமப்பண்ணாவுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இருபத்தைந்து வயது ஆகியிருக்கக்கூடாது என்பது விதி. செல்லியின் சர்டிபிகேட்டில் பிறந்த தேதி ஜூன் ஒன்று. அவள் பிறந்தது ஆடிக் காற்றிலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியார் போட்ட தேதி அது. அந்த ஜூன் ஒன்றில் அவளுக்கு இருபத்தைந்து முடிகிறது.

"இதுல கெடைச்சா ஓசூர்ல ஒரு ரூம் எடுத்துக்கினு பாப்பாவ இஸ்கூல்ல சேத்துருவா" என்றார். "இல்லன்னா அவ்ளோதான் மேடம், அண்ணன் மாட்டைத்தான் ஓட்டணும். அவ பேரு உள்ள போயிடுச்சுன்னு நான் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் வந்துவிடுவார். நான் ஒவ்வொரு சீட்டாகத் தட்டுவேன், நன்றி வரும், அவர் டிக் போடுவார். கீழே கடையிலிருந்து டீ வரும். அவரைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கும், அதைச் சொல்ல வெட்கம் என்ன. நாற்பது சீட்டு ஆயிற்று. விண்ணப்பிக்கக் கடைசித் தேதியன்று நாற்பதையும் முடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொண்ணு இருக்கா அண்ணா?"

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். வினிதா, தகப்பன் பெயர் ராமப்பன், பன்னிரண்டாம் வகுப்பு.

"எம் பொண்ணுதான். எல்லார் பேரும் போயிடட்டும், அப்புறம் போடலாம்னு வெச்சிருந்தேன்."

தட்டினேன். நன்றி வந்தது. நாற்பத்தொன்று.

மே இருபத்தேழு, சனிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஒரு பெண் உள்ளே வந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. நான் அதுவரை பார்த்ததில்லை என்றாலும் ராமப்பண்ணாவின் அதே நெற்றியைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது.

"நீங்கதான் சுகுணா மேடமா? எங்க நைனா பேர என்னா பண்ணி வெச்சீங்க?"

வினிதா சொல்லித்தான் தெரிந்தது. திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவர்களின் லிஸ்ட் காலையில் வந்திருக்கிறது. கேட்டில் பசை தடவி ஒட்டச் சொல்லி ராமப்பண்ணா கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். நூற்றைம்பது பெயருக்கு மேல். இவர் கொடுத்த நாற்பத்தொரு பேரில் அதில் இருந்தது ஒன்றே ஒன்று. வினிதா. சேதி கேட்டு வந்திருந்தவர்கள் முண்டியடித்துப் பார்த்திருக்கிறார்கள். செல்லியும் வந்திருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று முறை மேலிருந்து கீழே படித்துவிட்டு, "அண்ணா, எம் பேரு எங்க?" என்று கேட்டிருக்கிறாள். பின்னால் யாரோ சொன்னார்களாம்: "பொண்ணு பேர மட்டும் உள்ள வுட்டுக்கினாரு. நம்மள நல்லா சுத்த வுட்டாரு." செல்லி பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்துவிட்டாளாம்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "என் ஃபார்ம்ல தப்பு வராதும்மா. உங்க எச்.ஆர்.தான் எடுத்திருப்பார்" என்று அந்தப் பெண்ணிடமே பாய்ந்தேன். அவள் எதிரிலேயே அஸ்வினைக் கூப்பிட்டுச் சண்டைக்குப் போனேன்.

"நாப்பத்தொரு பேரா? அந்த மெயில் ஐடில ஒரே ஒரு அப்ளிகேஷன்தான் மேடம் இருக்கு. வினிதா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே மெயில் முகவரியிலிருந்து மறுபடி வந்தால் பழையதை அழித்துவிடு. நான் எழுதிய வரி. செல்லியின் பெயரை இரண்டாவது சீட்டு அழித்தது, இரண்டாவதை மூன்றாவது அழித்தது. நாற்பது பேரை ஒவ்வொருவராக அழித்துவிட்டு, கடைசியில் வந்த பெயர் மட்டும் நின்றது. தன் பெண்ணின் பெயரைக் கடைசியில் போட்டதற்கு அந்த மனுஷனுக்குக் கிடைத்த தண்டனை அது. அத்தனை முறையும் திரை நன்றி சொல்லியிருக்கிறது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

நாற்காலியில் சாய்ந்து அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன். வினிதா தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "அழுதா பேரு வருமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் ஒன்று ஞாபகம் வந்தது. ஃபார்மை முதன்முதலில் சோதித்துப் பார்த்தபோது, வருகிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு நகல் என் பழைய மெயிலுக்கு வரும்படி வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் அதை எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. அந்த மெயிலைத் திறந்து பல மாதம் ஆகியிருந்தது. பாஸ்வேர்டு இரண்டு முறை தவறிப்போய் மூன்றாவது முறை திறந்தது. உள்ளே எல்லாம் இருந்தது. செல்லி, ஜவளகிரி, பி.பி. மளிகைக் கடை. அதற்கு மேலே அடுத்தவர், அடுத்தவர். நாற்பத்தொன்றும்.

பிரிண்டர் கரகரவென்று தள்ளத் தள்ள நான் கிழித்து அடுக்கினேன். வினிதாவை மொபெட்டின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சிப்காட்டுக்கு ஓட்டினேன்.

ராமப்பண்ணாவுக்கு டியூட்டி இரண்டு மணிக்கே முடிந்திருந்தது. ஆனாலும் கேட்டில்தான் உட்கார்ந்திருந்தார். ஒட்டிய லிஸ்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் கோர்வையாகச் சொல்ல நினைத்ததெல்லாம் போய்விட்டது. தப்பு என்னுடையது அண்ணா என்று ஆரம்பித்து நடந்ததைச் சொல்லி முடித்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்ப நான் ஒவ்வொருத்தரா உள்ள வுட வுட, அது முன்னாடி போனவங்கள வெளிய தள்ளிடுச்சா?"

"ஆமாண்ணா."

"நன்றின்னு சொல்லுச்சே மேடம்."



தாள்களோடு அஸ்வினிடம் போனேன். என் தப்பு என்று அவரிடமும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "லெட்டர் அனுப்ப டைம் இல்ல மேடம். திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு யார் யார் கேட்ல நிக்கிறாங்களோ அவங்கள மத்தவங்களோட சேர்த்துப் பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். அந்த நன்றியை நான் மறக்கக்கூடாது.

திரும்பி வந்து சொன்னதும் ராமப்பண்ணா ரிஜிஸ்தரை எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். என் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து எழுத ஆரம்பித்தார். நாற்பது பெயர். நாற்பத்தொன்று என்று எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"அண்ணா, வினிதா பேர் எழுதலையே. அவ பேர்ல என்ன தப்பு? தப்பு என்னுது."

"நாப்பது பேருக்கும் இப்ப போன் பண்ணப் போறேன் மேடம். கம்ப்யூட்டர் அழிச்சுடுச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்? எம் பொண்ணு உள்ள போனா நான் சொல்றது பொய்யி. அவ வெளிய நின்னாதான் அவங்க உள்ள வருவாங்க."

"காலியா விடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

அவர் ரிஜிஸ்தரை மூடினார். வினிதா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

கேட்டுக்கு எதிரே கெம்பம்மாவின் டீக்கடையில் ஒரு ரூபாய் காயின் போன் இருந்தது. கெம்பம்மா கல்லாவிலிருந்து காசு மாற்றிக் கொடுத்தார். நான் காசு போடப் போட அவர் பேசினார். கல்லாவிக்கு, தேன்கனிக்கோட்டைக்கு, கிருஷ்ணகிரிக்கு. "கொஞ்சம் நாலு வீடு தள்ளி சுமதியக் கூப்புடுங்கம்மா, ஓசூர் கம்பெனி கேட்டு ராமப்பன் பேசறேன்." தெலுங்கில் சொன்னார், கன்னடத்தில் சொன்னார். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே வரி: எம் பொண்ணு வரல, நீ வா. சிலர் திட்டினார்கள். போனை வைத்துவிட்டு அடுத்த நம்பருக்கு விரலை நகர்த்துவார். ஷிப்ட் சங்கு ஊதி ஆட்கள் வெளியே போய், உள்ளே போய், டீக்கடை காலியாகி மறுபடி நிரம்பியது. செல்லியின் பி.பி. நம்பர் மட்டும் கிடைக்கவே இல்லை. லைன் செத்துப்போயிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வார விடுமுறை. ஜவளகிரிக்குக் கிளம்பினார். நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். தளியில் பஸ் மாறி இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. செல்லி அண்ணன் வீட்டுக் கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் பார்க்காதவள் போல் இருந்தாள்.

நான்தான் பேசினேன். ஃபார்ம், மெயில், அழிந்தது, நகல், எல்லாம். பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. புரிய வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு ராமப்பண்ணாவைப் பார்த்துக் கேட்டாள்:

"உங்க பொண்ணு போறாளா?"

"போகல."

"நெஜமா?"

"ரிஜிஸ்தர்ல எழுதல செல்லி."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சர்டிபிகேட்டை எடுக்க வீட்டுக்குள் போனாள். நான் பேசிய அத்தனை பேச்சுக்கும் அசையாதவள் அந்த ஒரு வார்த்தைக்கு அசைந்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நாற்பதில் முப்பத்துமூன்று பேர் கேட்டில் நின்றார்கள். ராமப்பண்ணா பின்பக்கப் பெயர்களுக்கு எதிரேயே வந்த நேரம், போன நேரம் என்று கட்டம் போட்டு, நேரம் எழுதி, கையெழுத்து வாங்கி ஒவ்வொருவராக உள்ளே விட்டார். பெண்கள் லைனுக்கு எடுத்த முப்பது பேரில் பதினொரு பேர் அவருடைய ஆட்கள். செல்லி அதில் ஒருத்தி. ஜூன் ஒன்றுக்கு மூன்று நாள் முன்னால். அந்த ஜூனிலேயே குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். சேர்க்கும்போது பிறந்த தேதியைச் சரியாகச் சொன்னாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நான் செய்த தப்புக்கு வேலையை விட்டுக்கொடுத்தது வினிதா. ஒரு வாரம் கழித்து அவளே மாடிப்படி ஏறி வந்தாள்.

"உங்களால எனக்கு வேலை போச்சு. நீங்களே ஒரு வேலை குடுங்க."

இந்த வாய்க்கு வேலை கொடுக்காமல் இருக்க முடியுமா? உட்காரச் சொன்னேன். மூன்று மாதத்தில் நான் எழுதுகிறதையெல்லாம் அவளும் எழுதினாள். அவள் முதலில் கைவைத்தது அந்த ஃபார்மில்தான். பழையதை அழிக்கும் வரியை எடுத்தாள். மெயிலுக்கு இருந்த ஸ்டாரை எடுத்துவிட்டு, மெயில் அல்லது போன், ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று மாற்றினாள். அஸ்வினிடம் அவளே பேசிச் சம்மதம் வாங்கினாள். பிறகு திரையில் வரும் அந்த நன்றியைத் தூக்கிவிட்டாள். விண்ணப்பித்ததும், உள்ளே போய்ச் சேர்ந்த பெயரைத் திரும்ப எடுத்து வந்து, உங்கள் பெயர் இந்த எண்ணில் உள்ளே இருக்கிறது என்று காட்டும்படி வைத்தாள். நான் எட்டு மாதம் யோசிக்காததை அவள் ஒரு மத்தியானத்தில் யோசித்தாள்.

ராமப்பண்ணா 2012இல் ஓய்வு பெறும்வரை சீட்டுகளோடு வந்துகொண்டிருந்தார். மகள் தட்டுவாள், அவர் திரையில் எண்ணைப் பார்த்து டிக் போடுவார். தன் மகளிடமே அவர் கேட்கிற முதல் கேள்வி, "பஸ்ல எடம் கெடைச்சுதா?" என்பதுதான். இப்போது தொரப்பள்ளியில் வீட்டோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். எனக்கு அந்தச் சாயங்காலங்கள்தான் வேண்டும். எத்தனை பெரிய கம்பெனிக்கு வெப்சைட் செய்தாலும் அந்தச் சந்தோஷம் வருவதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வினிதா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். அஸ்வினைப் பார்க்க அந்தக் கம்பெனிக்குப் போயிருந்தேன். ரிஜிஸ்தரில் என் பெயரை எழுதி, வண்டி நம்பரையும் ஒழுங்காக எழுதிவிட்டு, சும்மா திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். எண்ணை மட்டும் போட்டுவைத்த நாற்பத்தொன்றாவது வரி நிரம்பியிருந்தது. வினிதா. ஊர் என்ற இடத்தில் சுகுணா மேடம் கடை. உள்ளே வந்த நேரம் ஒன்பதரை. போன நேரம் என்ற கட்டத்தை மட்டும் அந்த மனுஷன் காலியாக விட்டிருந்தார். வினிதா இப்போது என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ ஒரு கம்பெனிக்காரரிடம், எல்லாத்துக்கும் எதுக்கு சார் ஸ்டார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.